காம்பேக்ட் கேமராவுக்கு வெளி ஸ்ட்ரோப்: நீருக்கடியில் படமெடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன கேமராவை ஹவுசிங்கில் (நீர் புகாத உறையில்) போட்டு நீருக்குள் இறங்கியவர்கள், ஸ்ட்ரோப் எனப்படும் தனி ஃபிளாஷைப் பற்றிக் கொஞ்ச நாளிலேயே கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. பதில்கள் ஒலிம்பஸ் டிஜி வகை, கேனன் ஜி7 எக்ஸ், சோனி ஆர்எக்ஸ்100 போன்ற காம்பேக்ட் கேமராக்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

கேமராவிலேயே ஃபிளாஷ் இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு?

வெளிச்சம் பற்றாமல் போவதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். கேமரா ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல்.

நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் மணல் துகளும் மிதவை உயிரிகளும் இருக்கும். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே அடித்தால், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு துகளும் கேமராவைப் பார்த்த பக்கத்தில் பளிச்சென்று ஒளிரும். மூடுபனியில் ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், இல்லையா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. படமெடுப்பவர்கள் இதை பேக்ஸ்கேட்டர் என்பார்கள். ஸ்ட்ரோபை ஒரு முழ நீளக் கையில் மாட்டிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால், லென்ஸுக்கு நேர் முன்னாலுள்ள நீர் இருட்டாகவே இருக்கும். மீன் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹவுசிங்கின் லென்ஸ் குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது கேமரா ஃபிளாஷின் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். படத்தின் ஒரு மூலையில் கருப்பாகப் பிறை மாதிரி நிழல் விழுந்திருந்தால் இதுதான் காரணம். அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் ஒன்றை முன்னால் திருகிவிட்டால் ஃபிளாஷ் கிட்டத்தட்ட முழுவதுமே மறைந்துபோகும்.

ஆகவே வெளி ஸ்ட்ரோப் வந்தபிறகு கேமரா ஃபிளாஷுக்கு வேலை மாறிவிடுகிறது. அது இனி வெளிச்சம் தர வேண்டியதில்லை, ஸ்ட்ரோபுக்கு ‘இப்போது அடி’ என்று சைகை கொடுத்தால் போதும்.

ஸ்ட்ரோப் போட்டால் எவ்வளவு தூரம் வரை நிறம் கிடைக்கும்?

ஒரு மீட்டருக்குள் அருமையாக, ஒன்றரை மீட்டர் வரை சுமாராக. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே சூரிய ஒளியின் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஸ்ட்ரோப் தன் வெள்ளை ஒளியைக் கையோடு கொண்டுவருவதால் 25 மீட்டர் ஆழத்திலும் சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. ஆனால் ஸ்ட்ரோப் ஒளியும் நீரைக் கடந்துதானே வர வேண்டும்? மீன் ஒரு மீட்டரில் இருந்தால், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக 2 மீட்டர் நீர். மீன் இரண்டரை மீட்டரில் இருந்தால் 5 மீட்டர் நீர், அதாவது சிவப்பு மறுபடியும் காணாமல் போகும் தூரம். போதாததற்கு, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

நீருக்கடியில் மீனைக் கலரில் எடுத்த முதல் படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1926-ல் ஃப்ளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் பகுதியில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் ஒரு ஹாக்ஃபிஷை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வந்தது. வெளிச்சத்துக்காக நீர்மட்டத்தில் ஒரு மிதவையை விட்டு, அதில் மெக்னீசியம் பொடியைக் குவித்து வெடிக்க வைத்தார்கள். நாம் கையில் பிடித்துக்கொண்டு போகிற டப்பா அந்த வெடியின் பேரப்பிள்ளை.

வீடியோ லைட் வைத்தே சமாளிக்க முடியாதா?

வீடியோ எடுப்பதானால் லைட்தான் வேண்டும், ஸ்ட்ரோபால் ஒரு பயனும் இல்லை. நிழற்படத்துக்கு, நகராத சின்ன உயிரினங்களை இரவில் எடுக்கும்போது லைட்டே போதும். மற்ற நேரத்தில் ஸ்ட்ரோப் எங்கோ முன்னால் நிற்கும். நொடியில் ஒரு சிறு துளியில் அது கொட்டுகிற வெளிச்சத்தை, கையில் பிடிக்கிற அளவிலான லைட் எதுவும் தராது. அந்தக் குறுகிய வெட்டில்தான் மீனின் அசைவும் உங்கள் கையின் அசைவும் உறைந்து நிற்கின்றன. பகலில் சூரிய ஒளியோடு போட்டி போடும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

என் கேமராவோடு ஸ்ட்ரோப் வேலை செய்யுமா?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். கேமராவில் உள்ளமைந்த ஃபிளாஷ் இருக்கிறதா? ஹவுசிங்குக்குள் அந்த ஃபிளாஷ் திறந்து அடிக்க இடம் இருக்கிறதா? ஹவுசிங்கின் முகப்பில் ஃபைபர் கேபிள் (ஒளியைக் கடத்தும் இழை) செருகத் துளை இருக்கிறதா?

முதல் கேள்வியிலேயே சிலர் மாட்டிக்கொள்வார்கள். சோனி இசட்வி-1, பானாசோனிக் எல்எக்ஸ்100 போன்றவற்றில் உள்ளமைந்த ஃபிளாஷ் கிடையாது. கேமராவின் மேலுள்ள ஹாட் ஷூவில் மாட்டி, ஸ்ட்ரோபுக்குச் சைகை கொடுக்கும் எல்இடி டிரிகர் ஹவுசிங்குக்குள் அடங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒலிம்பஸ் டிஜி-6 ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை நீர் புகாதது. அதனால் ‘ஹவுசிங் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ட்ரோப் மாட்டவென்றே ஹவுசிங் வேண்டியிருக்கிறது: கேபிளைப் பிடித்துக்கொள்ள வெறும் கேமராவில் இடமில்லை, அப்படியே விட்டால் கேமரா ஃபிளாஷும் சேர்ந்து துகள்களை ஒளிரவைக்கும். டிஜி வரிசையில் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் (லென்ஸ் திறப்பையும்) நாமே வைக்கும் முழு மேனுவல் எக்ஸ்போஷர் கிடையாது, அப்பெர்ச்சரை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஏ மோட்தான் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதை வைத்து அற்புதமான மேக்ரோ (சின்ன உயிரினங்களின் மிக நெருக்கமான படங்கள்) எடுப்பவர்கள் ஏராளம். ஆனால் வைடில் பின்னணி நீலத்தை நினைத்தபடி வைக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஃபைபர் கேபிளா, மின் கேபிளா?

காம்பேக்டுக்கு ஃபைபர்தான். கேமரா ஃபிளாஷின் ஒளியை ஸ்ட்ரோபின் சென்சாருக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் இழை அவ்வளவே. உள்ளே மின்சாரம் இல்லை, ஹவுசிங்கைத் துளைத்து உள்ளே போகும் ஓட்டையும் இல்லை, எனவே அதன் வழியாக நீர் கசிய வாய்ப்பே இல்லை. நீருக்கடியிலேயே கழற்றி மாட்டலாம். கூர்மையாக மடித்தால் உள்ளே முறிந்து ஒளி குறையும், அதை மட்டும் கவனியுங்கள். ஹவுசிங்கின் ஃபிளாஷ் ஜன்னலில் கேபிள் துளையைத் தவிர மற்ற இடத்தைக் கருப்பு டேப் ஒட்டி மூடிவிடுங்கள். இல்லையென்றால் கேமரா ஃபிளாஷ் கசிந்து, ஸ்ட்ரோப் வாங்கியதன் பயனையே கெடுத்துவிடும்.

ஸ்ட்ரோப் கண்ணெதிரே மின்னுகிறது, ஆனால் படம் இருட்டாக வருகிறது. ரிப்பேரா?

பெரும்பாலும் இல்லை. ப்ரீ-ஃபிளாஷ் செய்கிற வேலை இது. புதிதாக வாங்கியவர்களை இதைவிட அதிகமாகக் குழப்புவது வேறெதுவும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான காம்பேக்ட் கேமராக்கள் ஒரு படத்துக்கு ஒரு தடவை ஃபிளாஷ் அடிப்பதில்லை. முதலில் சின்னதாக ஒன்று அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும். உடனே ஷட்டர் திறந்து உண்மையான ஃபிளாஷை அடிக்கும். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஸ்ட்ரோப் ‘ப்ரீ-ஃபிளாஷ் இல்லை’ என்ற நிலையில் இருந்தால், அந்த முதல் சின்ன மின்னலைப் பார்த்ததுமே தன் முழு வெளிச்சத்தையும் கொட்டிவிடும். ஷட்டர் திறக்கும்போது அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

தீர்வு இரண்டு வழியில். ஸ்ட்ரோபில் ப்ரீ-ஃபிளாஷைத் தாண்டி இரண்டாவதற்கு அடிக்கும் நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது கேமராவின் ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றி ப்ரீ-ஃபிளாஷையே நிறுத்திவிடலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: எக்ஸ்போஷர் டயலை எம்-ல் (மேனுவலில்) வைத்தால் ஃபிளாஷும் மேனுவலாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பல கேமராக்களில் டயல் எம்-ல் இருக்கும்போதும் ஃபிளாஷ் தானியங்கியாகவே இருக்கும், ப்ரீ-ஃபிளாஷும் அடிக்கும். ஃபிளாஷ் மெனுவுக்குள் போய்த் தனியாக மாற்ற வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி போதும். வீட்டுக்குள் ஷட்டரை 1/500 அளவில், அப்பெர்ச்சரைச் சிறியதாக, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 100-ல் வையுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் ஏறக்குறைய கருப்பாக வர வேண்டும். இப்போது கேபிளை மாட்டி, கேமராவும் ஸ்ட்ரோபும் கண்ணாடியில் தெரியும்படி நின்று ஒரு படம் எடுங்கள். படத்தில் ஸ்ட்ரோபின் முகம் வெள்ளையாக எரிந்து தெரிந்தால் நேரம் பொருந்திவிட்டது. ஸ்ட்ரோப் அடித்ததைக் கண்ணால் பார்த்தீர்கள், ஆனால் படத்தில் அதன் முகம் அணைந்து கிடக்கிறது என்றால் இன்னும் ப்ரீ-ஃபிளாஷுக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு டைவுக்கு முன்னாலும் ஏதாவது ஒரு கண்ணாடியைப் பார்த்து ஒரு முறை இதைச் செய்துவிடுவது நல்ல பழக்கம்.

டிடிஎல்லா, மேனுவலா?

டிடிஎல் என்றால் கேமராவே அளந்து ஸ்ட்ரோப் வெளிச்சத்தை முடிவு செய்வது. ஸ்ட்ரோப் தயாரிக்கும் ஐனான் நிறுவனம் இதை எஸ்-டிடிஎல் என்கிறது, ஸீ அண்ட் ஸீ நிறுவனம் டிஎஸ்-டிடிஎல் என்கிறது. இரண்டிலும் ஸ்ட்ரோப் கேமரா ஃபிளாஷைப் பார்த்து, அது அடித்தால் அடித்து, அது நின்றால் நின்று, அப்படியே காப்பியடிக்கிறது.

ஃபிரேமை நிறைக்கும் மேக்ரோவுக்கு டிடிஎல் நன்றாகவே வேலை செய்யும். ஒரு இடத்தில் நிற்காமல் தூரம் மாறிக்கொண்டே இருக்கிற மீனுக்கும் கைகொடுக்கும். சின்ன உயிரினம், பின்னால் வெறும் இருட்டு என்றால் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து, உயிரினத்தை வெளுக்க அடித்துவிடும். வெள்ளிச் செதில் மீனில் இது தலைகீழ்: பளபளப்பைக் கண்டு பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வைடில் நான் டிடிஎல் பக்கமே போவதில்லை.

என்னைக் கேட்டால் மேனுவலில் தொடங்கச் சொல்வேன். பயமுறுத்துகிற பெயர்தானே தவிர, திருப்ப வேண்டியது ஒரே ஒரு குமிழ். படம் வெளுத்ததா, குறை. இருண்டதா, கூட்டு. எப்போதும் ஒரே தூரத்திலிருந்து எடுத்துப் பழகிவிட்டால் அந்தக் குமிழைத் தொடும் அவசியமே அரிதாகிவிடும்.

எந்த செட்டிங்கில் தொடங்கலாம்?

மேக்ரோவுக்கு: ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 1/250, ஸ்ட்ரோப் கால் பவர். ஒரு கடல் அட்டையோ நுடிபிராங்கோ (ஓடில்லாத கடல் நத்தை) ஒரு சாண் தூரத்தில் இருந்தால் இது ஏறத்தாழ சரியாக விழும். காம்பேக்டில் அப்பெர்ச்சரை அதற்கு மேல் ரொம்ப மூடினால் டிஃப்ராக்ஷனால் (குறுகிய திறப்பில் ஒளி வளைந்து பரவுவதால்) கூர்மை குறையும், சென்சார் சின்னதல்லவா.

வைடுக்கு: ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6, ஷட்டர் 1/125, ஸ்ட்ரோப் அரை பவரிலிருந்து முழுப் பவர் வரை. ஆனால் எண்களைவிட வரிசைதான் முக்கியம். முதலில் ஸ்ட்ரோபை அணைத்துவிட்டுப் பின்னணி நீரை மட்டும் ஒரு படம் எடுங்கள். நீலம் பிடித்த மாதிரி வரும்வரை ஷட்டரை மாற்றுங்கள். பிறகு ஸ்ட்ரோபைப் போட்டு, முன்னால் இருக்கிற பவளப்பாறைக்கு வேண்டிய அளவை ஸ்ட்ரோப் குமிழால் சரிசெய்யுங்கள். ஷட்டர் பின்னணிக்கு, குமிழ் முன்னணிக்கு. ஸ்ட்ரோபின் மின்னல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிடக் குறுகியது என்பதால் ஷட்டரை மாற்றினாலும் பாறையின் வெளிச்சம் மாறாது.

இந்த இடத்தில் சின்ன கேமராவுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பெரிய கேமராக்களின் திரை ஷட்டர் 1/200, 1/250 அளவுக்கு மேல் ஃபிளாஷோடு ஒத்துப்போகாது. ஜி7 எக்ஸ், ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற லீஃப் ஷட்டர் 1/2000 வரை ஒத்துப்போகும். ஃபிரேமுக்குள் சூரியனையும் வைத்து எடுக்கும்போது, கதிர்களைத் தனித்தனியாகப் பிடிக்க இது பெரிய வசதி. மிக வேகமான ஷட்டரில் முழுப் பவர் வெளிச்சத்தின் வால் மட்டும் கொஞ்சம் வெட்டுப்படலாம், ஏனென்றால் முழுப் பவரில் ஸ்ட்ரோப் வடிந்து முடியச் சற்று அதிக நேரம் எடுக்கும்.

ஸ்ட்ரோபை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது?

மேக்ரோவில் சுதந்திரம் அதிகம், ஏனென்றால் நடுவில் நீரே கொஞ்சம்தான். ஒரே ஸ்ட்ரோப் என்றால் லென்ஸுக்கு மேலே, சற்று முன்னால், கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். சூரியன் மேலிருந்து அடிப்பது நம் கண்ணுக்குப் பழகியது என்பதால் அந்த நிழல் இயல்பாகத் தெரியும். பக்கவாட்டுக்கு நகர்த்த நகர்த்த தோலின் சொரசொரப்பு எழும்பி வரும்.

வைடில் நினைப்பதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஸ்ட்ரோபை மீனை நோக்கித் திருப்பத்தான் கை போகும். அப்படித் திருப்பினால் ஒளிக்கூம்பு மீனை அடைவதற்குள் லென்ஸ் பார்க்கிற நீரை முழுக்கக் கடந்து, வழியிலுள்ள துகளையெல்லாம் ஒளிரவைக்கும். ஸ்ட்ரோபைக் கைப்பிடிக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ இழுத்து, நன்றாகப் பக்கத்தில் விரித்து, நேராக முன்னால் அல்லது லேசாக வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். கூம்பின் நடுப்பகுதி வீணாகப் போவது போலத் தோன்றும். பரவாயில்லை, போகட்டும். மீனைத் தொட வேண்டியது கூம்பின் உள்விளிம்பு மட்டுமே.

கண்ணும் ஏமாற்றும். முகமூடிக்குள்ளிருந்து பார்க்கும்போது நீரிலுள்ள பொருள், உண்மையான தூரத்தில் நான்கில் மூன்று பங்கில் இருப்பதாகத் தெரியும். ஒரு மீட்டரில் இருக்கிற மீன் 75 சென்டிமீட்டரில் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு ஸ்ட்ரோபைக் குறிவைத்தால் வெளிச்சம் மீனுக்கு முன்னால் விழுந்து தண்ணீரைத்தான் ஒளிரவைக்கும். மீனுக்குச் சற்றுப் பின்னால் குறிவையுங்கள். மேக்ரோவில் ஸ்ட்ரோபின் ஃபோகஸ் லைட்டைப் போட்டு, வட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருப்பினால் சந்தேகமே இல்லை.

இத்தனையும் செய்தும் வெள்ளைப் புள்ளி போகவில்லையே?

கிட்டே போங்கள். இன்னும் கிட்டே. லென்ஸுக்கும் உயிரினத்துக்கும் நடுவில் நீர் குறைந்தால் துகளும் குறையும். இதை மிஞ்சிய தீர்வு கிடையாது. அதன்பிறகு, உங்கள் துடுப்பையும் நண்பரின் துடுப்பையும் பாருங்கள். மணல் கிளறப்பட்ட இடத்தில் எந்தக் கோணமும் காப்பாற்றாது, கொஞ்சம் தள்ளிப் போய்த் தெளிந்த நீரில் எடுங்கள். சில நாள் கடல் கலங்கிக் கிடக்கும். அன்றைக்கு மேக்ரோ மட்டும் என்று முடிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு ஸ்ட்ரோபா, இரண்டா?

மேக்ரோவுக்கு ஒன்றே போதும், சொல்லப்போனால் ஒன்றில்தான் நிழல் அழகாக வரும். வைட் லென்ஸ் போட்டுப் பவளத்திட்டு, கடல் விசிறி என்று எடுப்பவர்களுக்கு இரண்டு வேண்டும். ஒன்றை வைத்து ஃபிரேமின் இரு பக்கத்தையும் நிரப்ப முடியாது. முதலில் ஒன்று வாங்குங்கள். ஹவுசிங்கைத் தாங்கும் டிரேயை இரண்டு கையுள்ளதாக வாங்கிவிட்டால் பிறகு இரண்டாவதைச் சேர்ப்பது எளிது. வளைகிற பிளாஸ்டிக் கை இலகுவானது, ஆனால் கனமான ஸ்ட்ரோபை அது நினைத்த இடத்தில் நிறுத்தாது. உருண்டை மூட்டும் கிளாம்பும் உள்ள அலுமினியக் கை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் வைத்த இடத்தில் நிற்கும்.

டிஃப்யூசர் போட வேண்டுமா?

போடுங்கள். ஸ்ட்ரோபின் முகத்தில் மாட்டும் இந்த மங்கலான மூடியால் கூம்பு விரியும், விளிம்பு மென்மையாகும். ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், அவ்வளவுதான்.

ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்)? நீருக்கடி மோடில் வைக்கலாமா?

ஸ்ட்ரோப் எரியும்போது வேண்டாம். நீருக்கடி மோட், இல்லாத சிவப்பை வலிந்து கூட்டும். ஸ்ட்ரோப் ஏற்கெனவே சிவப்பைக் கொடுத்துவிட்டதால் எல்லாம் ரோஜா நிறத்தில் குளித்து நிற்கும். டேலைட் அல்லது ஆட்டோவில் வைத்து ரா (பதப்படுத்தாத மூல) கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்கு கேமரா வெகுநேரம் காக்க வைக்கிறது. ஸ்ட்ரோப் பேட்டரி வீக்கா?

ஸ்ட்ரோபின் தயார் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரிந்தும் கேமரா படமெடுக்க மறுத்தால் தாமதம் கேமராவில்தான். அதன் குட்டி ஃபிளாஷ் ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்துவிட்டு, கேமரா பேட்டரியிலிருந்து மறுபடி நிரம்பிக்கொண்டிருக்கிறது. சைகை கொடுக்க அவ்வளவு வெளிச்சம் எதற்கு? ஃபிளாஷ் பவரைக் கைமுறையாக மாற்ற முடிகிற கேமராவில் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். ஜி7 எக்ஸ்-ல் இந்த வசதி உண்டு. காத்திருப்பு நன்றாகக் குறையும், பேட்டரியும் கூடுதல் டைவுக்கு நிற்கும். ஆனால் இதைச் செய்தால் டிடிஎல் வேலை செய்யாது, மேனுவல்தான்.

ஸ்ட்ரோபுக்கு எந்த பேட்டரி?

ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ. கடையில் கிடைக்கும் சாதாரண ஆல்கலைன், வேகமாகத் தொடர்ந்து மின்சாரம் தரத் திணறும், சூடாகும், சீக்கிரம் தளரும். ஒரு செட்டை எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் செய்து ஒன்றாகவே பயன்படுத்துங்கள், பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். லித்தியம் அயனி செல்லில் ஓடும் ஸ்ட்ரோப் என்றால், விமானத்தில் போகும்போது உதிரி செல்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

கைடு நம்பர் பெரிதாக இருந்தால் நல்லதா?

ஸ்ட்ரோபின் பலத்தைச் சொல்லும் எண் இது; அட்டையில் போட்டிருப்பது காற்றில் அளந்தது. ஐனான் எஸ்-2000-க்கு 20, இசட்-330-க்கு 33 என்று இருக்கும். நீருக்குள் அது தோராயமாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான். மேக்ரோ எடுப்பவருக்கு 20 தாராளம். பெரிய எண் வைடுக்கும் வெயில் நாளுக்கும் உதவும், ஆனால் எடையும் கூடும். காம்பேக்டை வாங்கியதே சிறிதாக இருக்கட்டும் என்றுதானே.

ஸ்னூட் என்றால் என்ன? எனக்குத் தேவையா?

ஒளியை நாணயமளவு வட்டமாகக் குறுக்கும் குழல். கடற்குதிரையின் முகத்தில் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் கும்மிருட்டு என்று வரும் படங்கள் அதில் எடுத்தவை. முதல் ஆண்டில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். குறிவைப்பது அசாத்தியப் பொறுமையைக் கேட்கும். அந்த நேரமெல்லாம் உயிரினத்தை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருப்போம் என்பதும் ஒரு காரணம்.

ஸ்ட்ரோப் ஒளி உயிரினங்களின் கண்ணைக் கெடுக்குமா?

ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்குதிரை முதலிய அடித்தட்டு மீன்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபிளாஷால் கண்ணுக்குப் பாதிப்பு தென்படவில்லை. அவற்றைத் தொட்டு நகர்த்தியபோதுதான் அதிகம் கலங்கின. கேமராவுக்கு முகம் காட்ட வேண்டும் என்று குச்சியால் திருப்பிவைக்கிறார்களே, அந்தப் பழக்கம்தான் உண்மையான பிரச்சினை. இருந்தாலும் இதை எல்லா உயிரினத்துக்கும் பொருத்திவிட முடியாது. பல இடங்களில் கடற்குதிரை, திமிங்கலச் சுறா அருகே ஃபிளாஷ் கூடாது என்று விதியே இருக்கிறது. அங்கே ஸ்ட்ரோபை அணைத்துவிடுங்கள். ஒரே உயிரினத்தை நாலைந்து பேர் சுற்றி நின்று சுட்டுக்கொண்டிருந்தால், நகர்ந்து வேறொன்றைத் தேடுங்கள்.

டைவிங் இப்போதுதான் கற்றேன். உடனே ஸ்ட்ரோப் வாங்கலாமா?

இரண்டு கையும் கேமராவில் இருக்கும்போது, துடுப்பை அசைக்காமல் ஒரே ஆழத்தில் மிதந்து நிற்க முடிகிறதா? முடியும் என்றால் வாங்கலாம். முடியாது என்றால் ஸ்ட்ரோபின் கனமும் நீளமும் உங்களைப் பவளத்தின் மேல் கொண்டுபோய் இடிக்கும். அதுவரை வெறும் கேமராவோடு, மேலோட்டமான ஆழத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள்.

பராமரிப்பு?

டைவ் முடிந்ததும் நன்னீரில் ஊறவைத்து, குமிழ்களை நீருக்குள்ளேயே திருப்பி உப்பைக் கரைத்துவிடுங்கள். காய்ந்த உப்பு பின்னால் பெரும் தொல்லை. ஓ-ரிங்கை (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) நல்ல வெளிச்சத்தில் வைத்து ஒரு முடி, ஒரு மணல் துகள் இருக்கிறதா என்று பார்த்து, தயாரிப்பாளர் தந்த கிரீஸை மட்டும் மெல்லிய பளபளப்பு வருமளவுக்குத் தடவுங்கள். அதிகம் பூசினால் அதுவே மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாட்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி அறைக்குள் உப்பு நீர் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஜாக்கிரதை. பேட்டரியும் உப்பு நீரும் சேர்ந்து வாயுவை உண்டாக்கி, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். மூடியை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், ஆளில்லாத பக்கம் திருப்பி மெதுவாகத் திறக்க வேண்டும்.

பழைய ஸ்ட்ரோப் ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். தொடுமுனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஒரு முறையாவது நீர் குடித்த ஸ்ட்ரோப் அது, வேண்டாம். சுத்தமாக இருந்தால் உங்கள் சொந்த பேட்டரியைப் போட்டு, முழுப் பவரில் தொடர்ந்து பத்துப் பதினைந்து முறை அடிக்கவிடுங்கள். தயார் விளக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பி வர வேண்டும். குமிழை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி வெளிச்சம் உண்மையிலேயே மாறுகிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவையும் கேபிளையும் எடுத்துப்போய், மேலே சொன்ன கண்ணாடிச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்துவிடுங்கள். பழைய ஸ்ட்ரோபுகள் சிலவற்றில் ப்ரீ-ஃபிளாஷைத் தாண்டும் நிலையே கிடையாது. அப்படியொன்றை, ஃபிளாஷை மேனுவலாக்க முடியாத கேமராவோடு எந்த வித்தை காட்டியும் ஓட்ட முடியாது. அதன் ஓ-ரிங் இன்னும் உதிரியாகக் கிடைக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.